பெரும்பனி வருஷத்து விருந்தாளி

விருந்தறையில் வெந்த இறைச்சியின் நாற்றம் அடித்தது.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் இந்த வீட்டு அடுப்பில் எலும்புகூட ஏறியது கிடையாது. கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் மாதா கோயிலைப் பூட்டி, பாலாடைக்கட்டி அடுக்கும் கிடங்காக்கி வைத்திருந்த காலத்தில்கூட ஏறியதில்லை. பாஷ்க் கதவருகே நின்று மறுபடி மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். புதிதாக அடித்த சுண்ணாம்பின் நெடி இருந்தது, ஈரம் காயாத ஆட்டுத்தோலின் நெடி இருந்தது, கணப்பில் அவிந்துபோன கட்டையின் நெடி இருந்தது, இவை எல்லாவற்றுக்கும் அடியில், பலமுறை கொதித்து ஆறி, மறுபடி கொதித்து ஆறி, மேலே கொழுப்பு ஏடு கட்டி நிற்கிற குழம்பிலிருந்து வருமே, இனிப்பும் அழுகலும் கலந்த ஒரு வாடை, அது வந்து நாக்கின் அடியில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டது. அவர் சுவரில் துப்பாக்கி நீட்டுவதற்கு விட்டிருந்த துவாரம் வழியாக வெளியே காறித் துப்பினார். வாடை போகவில்லை.

"வியோல்ட்சா! மேல யாரு கறி வேகவெச்சது?"

"கறியா?" கீழிருந்து மருமகளின் குரல் வந்தது. "பேரைச் சொல்லாதீங்க மாமா. கேட்டாலே குடல் வாய்க்கு வருது."

அது உண்மை. ஏழு மாசக் கர்ப்பம். முதல் மாசத்திலிருந்தே அவளுக்கு ரொட்டியும் தயிரும் தவிர எதுவும் தங்குவதில்லை. இதற்கு முன் இரண்டு தடவை தரித்து, இரண்டும் நிற்கவில்லை. இது நிற்க வேண்டும் என்று அவர் மனைவி மிரீக்கா தினமும் ஜெபமாலை உருட்டுகிறாள். பாஷ்க் ஜெபிக்கிற ஆள் இல்லை. மல்பெரிக் கட்டையில் தொட்டில் செய்து, யாருக்கும் காட்டாமல் வைக்கோலுக்குள் மறைத்து வைத்திருந்தார். இந்த வீட்டில் குழந்தை அழுத சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. இந்த ஊரிலேயே ஆகிவிட்டது. குர்லேஷில் இப்போது புகை வருவது இரண்டே வீட்டில். இவர் வீடு, மேலண்டையில் மராஷ் வீடு. மற்றதெல்லாம் கூரை விழுந்த கல்.

மகன் ஃபிரான் இத்தாலியில் ஓட்டல் பாத்திரம் கழுவிக் கழுவி, அங்கேயே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சமவெளிக்காரி வியோல்ட்சாவைக் கட்டிக்கொண்டு வந்தான். கோபுரம் மாதிரி உயர்ந்த இந்தக் கல் வீட்டை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஆக்கப்போகிறானாம். கட்டில் வாங்க ஷ்கோதர் நகரத்துக்குப் போனவன், மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டதால் கீழேயே நிற்கிறான். போவதற்கு முன் ஒரு பலகை செய்து சுவரில் சாத்திவிட்டுப் போயிருந்தான். ஊரின் சரித்திரமாம். 'குர்லேஷ்: விருந்தாளியைத் திருப்பி அனுப்பாத ஊர். பெரும்பனி வருஷத்தில், தாங்களே பட்டினி கிடந்தபோதும், கடைசி ரொட்டியை வழிப்போக்கனோடு பகிர்ந்துகொண்ட மக்கள்.'

பாஷ்க்குக்கு அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் வாய் கசந்தது. சின்ன வயதில் பாதிரியார் சொன்னதும் அந்தப் பனிக் கதைதான். புனித நிக்கோலாஸ் கனவில் வந்து, மக்காச்சோளம் புதைந்து கிடக்கிற இடத்தைக் காட்டினார் என்றார். பிறகு கட்சி வந்தது. வாத்தியார் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார்: மக்கள் ஒன்றுதிரண்டு பண்ணையாரின் களஞ்சியத்தை உடைத்துத் தின்றார்கள். இப்போது மகன் கடைசி ரொட்டி என்கிறான். எழுதுகிறவனெல்லாம் சாப்பாட்டை மட்டும் மாற்றி மாற்றி எழுதினான். பக்கத்து ஊர்களெல்லாம் செத்தபோது குர்லேஷ் மட்டும் கொழுகொழுவென்று வசந்தத்துக்கு வெளியே வந்தது என்பதை யாரும் மாற்றவில்லை. ஒரு ஊரின் சரித்திரத்தை யார் எழுதினாலும் பாஷ்க் நம்புவதில்லை. நம்பினால் சாப்பிட முடியாது.

மதியம் தாண்டியதுமே சூரியன் பாறைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி முற்றத்தை நிரப்பியது. பாஷ்க் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குதிகாலில் தடித்துப்போன தோலைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். மஞ்சள் சீவல்கள் நெருப்பில் விழுந்து சுருண்டன. அப்போதுதான் முற்றத்திலிருந்து குரல் வந்தது.

"வீட்டுக்காரரே! விருந்தாளியை ஏத்துக்குவீங்களா?"

தொண்டையில் சளி கட்டிய ஆளின் குரல். களைப்பான குரல். பாஷ்க் யோசிக்கவில்லை. அவர் அப்பா யோசித்ததில்லை, பாட்டனும் யோசித்ததில்லை. பதில் சொல்வதற்கு முன் எட்டிப் பார்த்து முகம் தெரிந்துகொள்கிற வழக்கம் மலையில் கிடையாது. அண்ணனைக் கொன்றவன் வந்து நின்றாலும் பதில் ஒன்றுதான். சொன்ன பிறகு, அவன் ஊர் எல்லையைத் தாண்டுகிறவரை அவன் உயிர் வீட்டுக்காரன் பொறுப்பு.

"வாங்க! ரொட்டியும் உப்பும் மனசும் இருக்கு! வீடு உங்களுது!"

கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வழக்கப்படி விருந்தாளியின் துப்பாக்கியை வாங்கி மாட்டக் கையை நீட்டியபடி படிக்கட்டின் தலைக்கு வந்தார். ஈரத் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வியோல்ட்சா மூச்சு வாங்க ஏறி வந்தாள். அவளுக்குப் பின்னால் மூடுபனி. வேறு யாரும் இல்லை.

"யாரும்மா வந்தது?"

"யாரும் வரலியே."

"கூப்பிட்டானே, கேக்கல?"

"நீங்க கத்தினதுதான் கேட்டுது. 'வீடு உங்களுது'ன்னு. எனக்குத்தான் எழுதி வைக்கிறீங்கன்னு நெனச்சு வேகமா ஏறி வந்தேன் மாமா." சிரித்தாள். சிரிப்பு நடுவில் நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "உதைக்குது. இப்பத்தான் ஒரு தடவை, நல்லா."

பாஷ்க் முற்றத்துக்கு இறங்கிப் பார்த்தார். நாய் வண்டிக்கு அடியில் சுருண்டு கிடந்தது. குரைக்கவில்லை. அவரைக்கூடப் பார்க்கவில்லை. மேலே வந்தபோது மிரீக்கா பால் கறந்த கையோடு நின்றிருந்தாள்.

"பதில் சொல்லிட்டியாய்யா?"

"சொன்னேன். சொல்லாம?"

மிரீக்கா கணப்பின் வலப்பக்கம், விருந்தாளி உட்காருகிற இடத்தைத் துடைத்து, வெளுத்த ஆட்டுத்தோல் ஒன்றை விரித்தாள். அந்த இடத்துக்கு அவள் முதுகைக் காட்டாமல், பின்னால் நடந்தே வெளியே போனாள்.

*

பொழுது சாய்ந்து சாப்பாட்டுக்கு அவரைப் பருப்பு, சோள ரொட்டி, பாலாடைக்கட்டி. மிரீக்கா நாலாவது கிண்ணம் வைத்தாள். வியோல்ட்சா அதைப் பார்த்துவிட்டு மாமனாரைப் பார்த்தாள்.

"யாருக்கு அத்தை? புனித நிக்கோலாஸுக்கா?"

"வாய மூடிக்கிட்டுத் தின்னு."

தின்றார்கள். பாஷ்க் தின்னவில்லை. பருப்பின் மேல் கொழுப்பு மிதந்தது. ஒரு துண்டு கறிகூடப் போடாத பருப்பின் மேல், விளக்கு வெளிச்சத்தில் மினுங்குகிற, வட்டம் வட்டமான மஞ்சள் கொழுப்பு. கரண்டியால் ஓரம் தள்ளினார். மறுபடி வந்து கூடிக்கொண்டது. ரொட்டியைப் பிட்டார். உள்ளே ஒரு முடி. கறுப்பு, தடிப்பு, சுருட்டை. இழுக்க இழுக்க வந்தது. இந்த வீட்டில் மூன்று பேருக்கும் அப்படி முடி கிடையாது.

அப்புறம் அந்தச் சத்தம். மிரீக்காவின் பல் போன வாய் அரைக்கிற சத்தம் அவருக்குத் தெரியும், ஆயுசு முழுக்கக் கேட்டது. வியோல்ட்சா நறுக் நறுக்கென்று சின்னதாகக் கடிப்பாள். இவை இரண்டுக்கும் நடுவில், இன்னும் தாழ்வாக, தரையை ஒட்டின மாதிரி, ஈரமாக, அவசரமில்லாமல், குருத்தெலும்பை ஒதுக்கி ஒதுக்கி மெல்லுகிற இன்னொரு சத்தம். விருந்தாளியின் இடத்துப் பக்கமிருந்து. வியோல்ட்சா உட்கார்ந்திருந்ததும் அந்தப் பக்கம்தான்.

அவர் மெல்லுவதை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். இரண்டு பெண்களும் நிறுத்தினார்கள்.

அது நிறுத்தவில்லை.

"எலியா இருக்கும் மாமா," என்றாள் வியோல்ட்சா. சொல்லிவிட்டு நாலாவது கிண்ணத்தை இழுத்து, அதையும் வழித்து உள்ளே தள்ளினாள். "என்னமோ இன்னிக்குப் பசி. ஏழு மாசத்துல மொத தடவையா பசி."

மிரீக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "தின்னும்மா, தின்னு." பாஷ்க்கும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். தாய் தின்றால் பிள்ளை பிழைக்கும். அந்தச் சந்தோஷத்தில், ஆட்டுத்தோலின் நடுவில் ஆள் உட்கார்ந்து எழுந்த மாதிரி ஒரு பள்ளமும் அதில் எண்ணெய்க் கறையும் விழுந்திருந்ததை, படுக்கப் போகும்போதுதான் பார்த்தார். விரலால் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. முகர்ந்தார். கொழுப்பு. அதோடு மூக்கைக் குத்துகிற இன்னொன்று. பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது துணியில் தொட்டுத் தேய்க்கிற நவச்சாரத்தின் புகை. ஈயம் பூசுகிறவர்கள் மலைக்கு வருவது நின்றுபோய் அரை ஆயுசு ஆகிவிட்டது.

விடிந்தும் விடியாத நேரத்தில் பால் அறையில் ஏதோ உருளும் சத்தம் கேட்டு இறங்கினார். வியோல்ட்சா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஆட்டுக்கொழுப்பு உருக்கி உறைய வைத்திருந்த பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு, வெள்ளை வெள்ளையாக அள்ளி வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் கொழுப்பு. இமையில் கொழுப்பு. மாமனாரைப் பார்த்ததும் அழுதாள். அழுதுகொண்டே விழுங்கினாள்.

"எனக்கு வேணாம் மாமா. எனக்குக் குமட்டுது. அதுதான் கேக்குது."

"எது?"

வயிற்றைக் காட்டினாள். "புள்ளதான். வேற எது?"

மசக்கை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மண்ணைத் தின்ற பெண்களை அவருக்குத் தெரியும். அவளை எழுப்பிப் படுக்கைக்கு அனுப்பிவிட்டுப் பானையைப் பார்த்தார். விரல் தடங்கள். அவள் விரல் மெல்லியது. தடங்களில் சில தடிமனாக இருந்தன. அதற்கு மேல் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

*

மராஷ் தன் வீட்டு வாசலில் பிளம் பழத்தில் ராக்கிச் சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தான். பாஷ்க்கை விட வயதில் கொஞ்சம் மூத்தவன். கட்சிக் காலத்தில் பாலாடைக்கட்டிக் கிடங்குக்குக் காவலாளியாக இருந்தவன், கட்டியையும் திருடினான், கட்சிக்கும் கோள் சொன்னான். அவன் பேச்சைப் பாஷ்க் நம்பியதே இல்லை. நாயைக் கூப்பிட்டும் அது வரவில்லை என்பதால் தனியாக ஏறி வந்திருந்தார்.

"என்ன பாஷ்கு, மூஞ்சி திரிஞ்ச மோர் மாதிரி இருக்கு? கெழவி வெரட்டிட்டாளா?"

"வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கான்."

"பாதை அடைச்சுக் கெடக்கு. பறந்து வந்தானா?"

மராஷ் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான். சிரிப்புப் போய்விட்டது.

"கறி நாத்தம் அடிக்குதா?"

"அடிக்குது."

"நீ பதில் சொன்னியா?"

"பின்ன? முற்றத்துல நின்னு விருந்தாளி கூப்பிட்டா வேற என்னடா சொல்றது?"

"ஒண்ணும் சொல்லக் கூடாது. என் வீட்டு வாசல்லயும் வந்து கூப்பிட்டான். வருஷா வருஷம் கூப்பிடுவான். உன் வாசலுக்கு இப்பத்தான் வந்திருக்கான். போர்வைய இழுத்துக் காதை மூடிக்குவேன். கீழ்வீட்டு லாஸ்கர் குடும்பம் ஏன் வீட்டைப் பூட்டிட்டு கிரீஸுக்குப் போச்சுன்னு நெனக்கிற? வேலைக்கா?"

"விருந்தாளிக்குப் பதில் சொல்லாம போர்வைய மூடினியா? நீயெல்லாம் ஒரு ஆம்பளையாடா?"

"இல்லதான்யா. வெச்சுக்க. ஆனா என் வீட்டுல நாத்தம் அடிக்கல." மராஷ் ராக்கியை ஒரு குவளையில் பிடித்து நீட்டினான். "உனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. ஊர்ல யாருக்கும் யாரும் சொன்னதில்ல, எல்லாருக்கும் தெரியும். பெரும்பனி வருஷம். ஈயம் பூசுறவன் ஒருத்தன், ஊர் ஊராப் போறவன், பனியில மாட்டிக்கிட்டு வந்து கூப்பிட்டான். பதில் சொன்னது உன் வீடு, உன் கொள்ளுப்பாட்டன். அப்ப இந்த ஊர்ல செருப்புத் தோலையும் வேகவெச்சுத் தின்னு முடிச்சிருந்தாங்க. அவன் குளிர் காய்ஞ்சான். சும்மா உக்காரக் கூசி, உன் வீட்டு அண்டாவுக்கு ஈயம் பூசிக் குடுத்தான். அந்த அண்டாவுலதான்."

"போதும்டா."

"கேட்டுட்டுப் போ. தனியா ஒரு வீடு செஞ்சா அது பாவம், ரத்தப் பழி, வீட்டைக் கொளுத்துவாங்க. அதனால வீட்டுக்கு ஒரு பங்குன்னு எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. எல்லாரும் தின்னா யாரு யாரைக் கொளுத்துறது? இந்த மலையில எந்த ஊருக்குப் போனாலும் கெடா வெட்டினா தலைய விருந்தாளி முன்னால வெப்பான். நம்ம ஊர்ல மட்டும் தலைய ஆத்துல போட்டுருவோம். ஏன்னு என்னிக்காவது கேட்டியா?"

பாஷ்க் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் இந்த ஊரில் பிள்ளைகளை வளர்த்தார்கள். ராக்கியை வாயில் ஊற்றினார். தொண்டையில் இறங்கியதும் அதிலும் அதே வாடை. துப்பிவிட்டார்.

"என்னதான் வேணுமாம் அவனுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? வந்தவன் இன்னும் போகலியே பாஷ்கு. எல்லை வரைக்கும் கூட நடந்து வழியனுப்பாதவரைக்கும் அவன் விருந்தாளிதான? நீ பதில் சொன்ன. நீயே வழியனுப்பு."

"மருமக ஏழு மாசம்டா. வீட்டுல வெச்சுக்கிட்டு..."

மராஷ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நீ பதில் சொன்னப்ப வாசப்படியில யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. அவதான் துணி எடுத்துட்டு வந்தா."

மராஷ் அடுப்பிலிருந்து கட்டையை இழுத்துத் தண்ணீர் ஊற்றி அணைத்தான். உள்ளே போனான். தாழ்ப்பாள் விழுந்தது. அவன் அப்படித்தான், எப்போதும் பாதிப் பேச்சில் ஓடுகிறவன் என்று திட்டிக்கொண்டே பாஷ்க் இறங்கினார்.

*

விருந்தாளியைப் 'போ' என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால், கொன்ற கொள்ளுப்பாட்டனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் குறையில்லாமல் விருந்து வைக்கலாம். 'எல்லை வரைக்கும் பாதை தெளிஞ்சிருக்கு, நான் முன்னால நடக்கிறேன்' என்று சொல்லலாம். அது முறைதான். அவன் போய்விட்டால் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும். தொட்டிலை மேலே கொண்டுவந்து வைக்கலாம்.

மதியமே கொழுத்த கிடாயை வெட்டினார். தலையை மிரீக்காவிடம் நீட்டினார். அவள் வாங்கத் தயங்கினாள்.

"இந்தத் தலையையா?"

"வேகவை. முழுசா."

வெந்தது. தட்டில், நாக்கு ஒரு பக்கமாகத் தொங்க, கண் வெள்ளையாக வெந்து பிதுங்க, ஆவி பறந்தது. விருந்தாளியின் இடத்துக்கு முன்னால் வைத்தார். வியோல்ட்சா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள், குறட்டை கேட்டது. பாஷ்க் தொப்பியைக் கழற்றினார். வெற்றுத் தோலைப் பார்த்து, கூச்சத்தோடும் அருவருப்போடும் பேசினார்.

"இந்த வீடு உங்களுக்கு வெக்க வேண்டியத வெக்கல. இன்னிக்கு வெச்சிருக்கேன். எல்லை வரைக்கும் பாதை தெளிஞ்சிருக்கு. நான் முன்னால நடக்கறேன்."

திரும்பிப் பார்க்காமல் இறங்கினார். வழியனுப்புகிறவன் முன்னால் நடப்பான், பின்னால் வருகிறவனை அவன் முதுகு காக்கும். கதவைத் தாண்டியதும் பின்னால் சத்தம் கேட்டது. சதக், சதக். ஈரத் துணி சுற்றிய கால் சேற்றில் விழுகிற மாதிரி. மனசு லேசாகியது. வருகிறான். வரட்டும். மாதா கோயிலின் இடிந்த சுவரைத் தாண்டினார். சுவரில் இன்னும் பழைய பாலாடைக்கட்டியின் புளித்த மூத்திர வாடை. லாஸ்கரின் பூட்டிய வீட்டைத் தாண்டினார். சதக், சதக். நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது. மூடுபனி வாய்க்குள் புகுந்து ஆறிப்போன குழம்பு மாதிரி ருசித்தது.

எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில், மரப்பாலத்தின் தலையில் நின்று, ஓரமாக ஒதுங்கி, கையை நெஞ்சில் வைத்தார்.

"நல்லபடியா போய்ச் சேருங்க. குறை இருந்தா மன்னிச்சுக்குங்க."

ஆறு ஓடுகிற சத்தம். வேறொன்றும் இல்லை. வெகுநேரம் தலை குனிந்தே நின்றார். பிறகு நிமிர்ந்து திரும்பினார். யாரும் இல்லை. போய்விட்டான். அவருக்கு அழுகை வந்தது. மூக்கைச் சிந்தினார். வேகமாகத் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

கோயில் சுவரருகே சேற்றைப் பார்த்தார்.

வந்தபோது பதிந்த காலடிகள். பெரிய பூட்ஸ், இடது குதிகால் தேய்ந்தது. அவருடையது. பக்கத்தில் ஒன்றும் இல்லை. பின்னால் ஒன்றும் இல்லை. ஒரு அடி எடுத்து வைத்தார். சதக். பூட்ஸுக்குள் தண்ணீர். அவருடைய பூட்ஸுக்குள்தான். வழி நெடுக அதைத்தான் கேட்டிருந்தார்.

தன்னையே வழியனுப்பிவிட்டு வருகிறார்.

வாசப்படியில யாரு இருந்தா?

ஓடினார். இந்த வயதில். விழுந்தார். எழுந்தார். வாயில் சேறு. சேற்றிலும் கொழுப்பு. முற்றத்தில் நாய் இல்லை. வண்டிக்கு அடியில் சங்கிலி மட்டும் கிடந்தது. நாற்றம் வாசலிலேயே வந்து மோதியது. படிக்கட்டில் வழுக்கியது. சுவரைப் பிடித்தார். சுவர் வெதுவெதுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது.

"மிரீக்கா!"

மெல்லுகிற சத்தம்.

கதவு திறந்தே இருந்தது. கணப்பில் நெருப்பு நன்றாக எரிந்தது. விருந்தாளியின் இடத்தில் வியோல்ட்சா சாய்ந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது. தூக்கம். மூச்சு வந்தது, போனது. மடியில் தட்டு. தட்டில் கிடாயின் தலை. தலை இல்லை, மண்டையோடு. ஒரு நார் இல்லாமல், நக்கித் துடைத்த மாதிரி, வெள்ளை வெளேரென்று, இரண்டாக உடைத்து, மூளை வழித்த மண்டையோடு.

பாஷ்க் அவள் வாயைப் பார்த்தார். உதடுகள் மூடியிருந்தன. காய்ந்திருந்தன. தாடை அசையவில்லை.

மெல்லுகிற சத்தம் நிற்கவில்லை.

தாழ்வாக. ஈரமாக. அவசரமில்லாமல்.

அவள் சட்டை மேலே ஏறியிருந்தது. இழுபட்டு நீல நரம்போடிய வயிற்றுத் தோலுக்கு அடியில், ஒரு முழு ஆளின் தாடை அளவுக்கு ஏதோ ஒன்று, மேலும் கீழும், மேலும் கீழும் அசைந்தது. பல்லில் ஏதோ நறுக்கென்று உடைந்தது. உடைந்தது உள்ளேதான்.

அதற்கு எதிரே மிரீக்கா மண்டியிட்டிருந்தாள். தோளில் வெளுத்த துவாலை. கையில் செம்புக் கெண்டி. கீழே பித்தளைத் தாம்பாளம். சாப்பிட்டு முடிக்கிற விருந்தாளிக்குக் கை கழுவ ஊற்றுகிறவள் காத்திருக்கிற மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு, மரியாதையாக.

"சத்தம் போடாதய்யா," என்றாள், திரும்பாமல். "இன்னும் முடிக்கல."

இடுப்புக் கத்திக்குப் போன பாஷ்க்கின் கை அங்கேயே நின்றது. யார் மேல் எடுப்பது?

மெல்லுவது நின்றது.

நெருப்பு படபடத்தது. வியோல்ட்சாவின் தொண்டையிலிருந்து, அவள் வாய் திறக்காமலேயே, நீளமாக, நிறைவாக ஒரு ஏப்பம் வந்தது. வெந்த இறைச்சியும் நவச்சாரமும் அறையை நிறைத்தன.

பிறகு வயிறு மெதுவாக ஒரு பக்கம் உயர்ந்தது. தோல் வெளுத்து, மெலிந்து, உள்ளிருப்பது தெரிகிற அளவுக்கு இழுபட்டது. ஒரு கை. குழந்தையின் கை இல்லை. அகன்ற உள்ளங்கை, தடித்த விரல்கள், ஐந்தும் விரிந்து, தோலைத் தள்ளிக்கொண்டு நீண்டு நின்றது.

மிரீக்கா கெண்டியைச் சாய்த்தாள். வெந்நீர் அந்தக் கையின் மேல் விழுந்து, விரல்களுக்கு நடுவே வழிந்து, தாம்பாளத்தில் சொட்டியது. தோலுக்கு உள்ளே விரல்கள் ஒன்றோடொன்று தேய்த்துக் கழுவிக்கொண்டன.